டிராயர் பையில் அடங்கிய காமிரா

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கல்யாண மண்டபம் நான் கட்டினது. அந்த இடத்தில் மண்ணே கிடையாது, அம்புட்டும் பாறை. வெடி வைக்கக் கூடாது என்றார்கள், ஆப்படித்துப் பிளந்தே அஸ்திவாரம் போட்டேன். தண்ணீர்ப் பஞ்சத்து வருஷத்தில் ஊரே குடத்தோடு அலைந்தபோது, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தோல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குக் கான்கிரீட் கூரை போட்டேன். சர்ச்சுக்குக் காம்பவுண்டுச் சுவர், சின்னாளபட்டிப் பக்கம் மேல்நிலைத் தொட்டி, பேகம்பூரில் கடைகள், எனக்கென்று மாடி வீடு ஒன்று. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சித்தாளாகச் செங்கல் சுமக்கப் போனவன்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு போட்டோவைப் பற்றி எழுத வருகிறேன். அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஆனால் நான் செய்ததிலேயே அதிகம் பாடுபட்டது அதற்குத்தான்.

என் வீட்டுக்காரியின் சித்தி மகள் இறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மாலை போட்டு வைத்திருந்த படம் ஆதார் கார்டில் இருந்து பெரிசாக்கினது. அந்தம்மா வாழ்நாளெல்லாம் சிரிச்ச முகம். படத்திலோ போலீஸ்காரர் அதட்டினது போல முழித்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த என் வீட்டுக்காரி, காந்திகிராமம் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நான் போயிட்டா ஆதார் கார்டு மூஞ்சிய மாட்டிறாதீங்க. சொல்லிட்டேன்."

"நீ எங்க போறே இப்ப?"

"எங்கயும் போகலை. படத்தத்தான் சொல்றேன்."

காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது. வீட்டில் இருக்கிற படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை. உதட்டை இறுக்கி, தோளை விறைத்து, யாரோ ஒருத்தி நிற்கிறாள். முன்பல் ஒன்று விழுந்ததில் இருந்து காமிராவைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

போனில் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். கீரை ஆயும்போது, பூ தொடுக்கும்போது, தூங்கி எழுந்து முற்றத்து வெயிலில் நிற்கும்போது. எங்கிருந்துதான் தெரியுமோ, வந்து போனைப் பிடுங்குவாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனால் கீழே மூலையில் இருக்கிற குப்பைத்தொட்டிப் படம் நன்றாகத் தெரியும். ஒரு தட்டு. போச்சு. "பல்லில்லாத கிழவிய எதுக்குப் பிடிச்சு வைக்கிறீக?" என்பாள்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாய் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் கடை மாடி நான் கட்டினது. ஒருநாள் அங்கே போனபோது கண்ணாடி அலமாரியில் பழைய பிலிம் காமிராக்களை வரிசையாக அடுக்கியிருந்தார்.

"என்ன பாய், பழைய சாமானெல்லாம் வெளிய வந்திருக்கு?"

"காலேஜ் பிள்ளைக வந்து கேக்குதுகண்ணே. மறுபடி மவுசு வந்துருச்சு."

"எடுத்த உடனே பாக்க முடியாதுல்ல இதுல?"

"முடியாதுண்ணே. ரோலு முடிஞ்சு, கழுவி, பிரிண்ட் வந்தாத்தான்."

"அழிக்க?"

"பாக்கவே முடியாததை எப்படிண்ணே அழிப்பீக?"

அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். வீடு தேடி வந்த வேலை மாதிரி இருந்தது. இனி எந்தக் காமிரா என்பதுதான் கேள்வி. எப்போதும் கூடவே இருக்க வேண்டும், இருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. பாய் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதை அமுக்கினால் கண்ணாடி வெளியே நீண்டு வந்தது, கான்கிரீட் மிக்சர் மாதிரி ஒரு சத்தம். அவள் அடுப்படியில் இருந்தே திரும்பிவிடுவாள். இரண்டாவது பிளாஸ்டிக், கையில் கனமே இல்லை, நினைத்த நேரம் அதுவாகப் பளிச்சென்று மின்னல் அடித்தது. வேண்டாம் என்றேன். மூன்றாவது கறுப்பு, சோப்புக்கட்டி அளவு. மூடியைத் தள்ளினால் உள்ளே சின்னக் கண். தூக்குக்குண்டு போல உள்ளங்கையில் நின்றது. ஒற்றைக் கண்ணை மூடி எதிர்க்கடை நிலைவாசலைப் பார்த்தேன். நூல் பிடித்துச் சுவர் பார்த்த கண் இது, கோணல் இருந்தால் சொல்லிவிடும். நிலைவாசல் நேராக நின்றது. அமுக்கினால் "டிக்". வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற சத்தம்தான்.

"இதான் பாய்."

"சட்டைப் பையில போட்டுப் பாருங்கண்ணே."

போட்டேன். வெள்ளைச் சட்டையில் கறுப்பாய்த் தெரிந்தது. குனிந்தால் விழப் பார்த்தது. இடுப்பு மடிப்பில் செருகினால் நழுவியது. கடைசியில் வேட்டியை ஒதுக்கி, பட்டாபட்டி டிராயரின் மூடி வைத்த பையில் இறக்கிப் பொத்தானைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துகொண்டது.

பாய் பதறிவிட்டார். "அண்ணே, அங்கயா? சூடு, வேர்வை. ஆகாதுண்ணே."

"ஆள்களுக்குச் சம்பளம் போடுற பணம் எம்புட்டு வருஷம் இருந்த இடம் தெரியுமா? ஒரு நோட்டு நனைஞ்சதில்லை."

"நோட்டுக்குக் கண்ணு இல்லண்ணே."

நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தொடையோரம் அந்தக் கனம் கூடவே நடந்தது. பழக்கத்துக்காக அங்கங்கே ஒன்று எடுத்தேன். விடிகாலையில் பனிக்குள் இருந்து மலைக்கோட்டைப் பாறை மெல்ல வெளியே வரும், யானை ஒன்று குளித்துவிட்டு எழுவது போல. பூ மார்க்கெட்டில் மூட்டை அவிழ்த்ததும் தெருவே வெள்ளையாகும். தண்டவாளத்தில் வெயில் ஊறும். "டிக்" என்பேன், மூடிவிடுவேன். எடுத்ததைப் பார்க்க முடியாது என்பது முதலில் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அதில் ஒரு சுகம் கண்டேன். மதியச் சோறு சாப்பிட்டுச் செத்த நேரம் கண் அசரும்போது, அந்தப் படங்கள் எல்லாம் பெட்டிக்குள் இருட்டில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது போல இருக்கும். பாறை பூவோடு பேசும். பூ தண்டவாளத்தில் ஓடும். எழுந்தால் எது எடுத்தது, எது கனவில் கண்டது என்று பிரிக்கத் தெரியாது.

அவள் மட்டும் அகப்படவில்லை. நான் வேட்டியை ஒதுக்குவதற்குள் அவள் நகர்ந்திருப்பாள். ரோலில் கொஞ்சம்தான் மிச்சம்.

பழனி போய்த் திரும்புகிற வழியில் ஆயக்குடியில் இறங்கினோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரோட்டோரம் தோப்பு வாசலில் கூடை கூடையாகக் கொய்யா, இலையில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் இருந்து மேகம் தோப்புக்குள்ளேயே நடந்து வந்தது. என் வீட்டுக்காரி கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே விலை பேசினாள். இதுதான் நேரம் என்று இரண்டடி பின்னால் போய் வேட்டிக்குள் கையை விட்டேன். பொத்தான் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. ஒற்றைக் காலில் நின்று இழுக்கிறேன்.

பழக்காரம்மா பார்த்துவிட்டார். "ஏனுங்க, பாத்து நில்லுங்க! அங்க எறும்புப் புத்து இருக்குதுங்க!"

இவள் திரும்பினாள். "என்னங்க அங்க? கட்டெறும்பு உள்ள போயிருச்சா?"

"ஒன்னுமில்ல, நீ பழத்தப் பாரு."

"ஆடுற ஆட்டத்தப் பாத்தா குடும்பத்தோட போயிருக்கும் போலயே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையில் கடித்த கொய்யா, வாய் முழுக்கச் சிரிப்பு, பல் போன இடத்தை மறைக்க மறந்துபோன சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்ட சத்தம் அது. பொத்தான் அறுந்து பெட்டி கைக்கு வந்தது. மூடியைத் தள்ளினேன். டிக்.

"அது என்ன கையில?"

சுவர் மட்டம் பார்க்க நாங்கள் வைத்திருப்போமே, அதன் பேர்தான் வாயில் வந்தது. "ரசமட்டம்."

"கொய்யாத் தோப்புல எதுக்கு ரசமட்டம்?"

"தோப்பு சாஞ்சிருக்கான்னு பாத்தேன்."

மறுபடியும் சிரித்தாள். அதற்குள் ரோல் முடிந்து, பெட்டி கிர்ரென்று தானாகச் சுற்றிக்கொண்டது.

பிலிமைக் கோயம்புத்தூருக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும் என்றார் பாய். அந்த நாள்கள் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அவள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். வந்திருக்குமா, வந்திருக்காதா? அந்தச் சிரிப்பு இனி ஒருதரம் வருமா? ஒருநாள் பாய் கூப்பிட்டார். கவரை நீட்டும்போதே முகம் சரியில்லை.

"சொன்னேன்ல அண்ணே. லென்ஸ் பூரா வேர்த்துக் கிடந்திருக்கு. அம்புட்டும் புகை."

மலைக்கோட்டை புகையில் மிதந்தது. பூ மார்க்கெட் பால் கொட்டினது போல இருந்தது. கடைசிப் படத்தை எடுத்தேன். சுற்றிலும் வெண்மை, தோப்பு இருக்கிற இடம் தெரியவில்லை. நடுவில் மட்டும் அவள். விடியப்போகிற நேரத்தில் கண்ட கனவில் இருந்து இப்போதுதான் திரும்பிப் பார்த்தது போல, வாய் நிறையச் சிரிப்போடு. ஒரு நூல் சாய்வில்லை. பாயும் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் பார்த்தார்.

வீட்டில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கட்டைவிரல் பழக்கத்தில் கீழ் மூலைக்குப் போனது. அங்கே குப்பைத்தொட்டி இல்லை. விரல் அப்படியே நின்றது.

"பல்லு தெரியுதே."

"தெரியட்டும்."

"இது நானாங்க?"

"பின்ன யாரு?"

"சரி, இதையே மாட்டுங்க. ஆனா இப்பவே மாட்டணும். அப்புறம் மாட்டினா நான் பாக்க வேண்டாமா?"

பெரிசாக்கிக் கூடத்தில் மாட்டினோம், மாலை இல்லாமல். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். என் மகள், "அம்மா எப்பவுமே அழகு" என்கிறாள். மருமகன், "பழைய லென்ஸ்னா லென்ஸ்தான்" என்கிறார். பாய் தன் கடைக்கு வருகிறவர்களிடம், "நம்ம கடைக் காமிரா" என்கிறாராம். என் வீட்டுக்காரியைக் கேட்டால், "ஆயக்குடி மேகம் அப்படி" என்று முடித்துவிடுகிறாள். மேகம் எடுத்ததா படத்தை?

மண்டபத்துக் கல்வெட்டில் நன்கொடை கொடுத்தவர் பேர் இருக்கிறது, திறந்து வைத்தவர் பேர் இருக்கிறது. பாறையைப் பிளந்தவன் பேர் இல்லை. கேட்கவில்லை, விட்டேன். தொட்டியிலும் விட்டேன், சர்ச்சுச் சுவரிலும் விட்டேன். இதை விடமாட்டேன். காமிராவைத் தேர்ந்தெடுத்தது நான். அதை வைக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். லென்ஸை வேர்க்க வைத்ததும் நான்தான். அவளைச் சிரிக்க வைத்ததும் நான்தான்.

என் மக்களுக்கு எழுதி வைக்கிறேன். அந்தச் சட்டத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு அடிக்க வேண்டும். பேர்கூட வேண்டாம். "எடுத்தது இவள் வீட்டுக்காரர்" என்று, வாசலில் நின்றாலே தெரிகிற எழுத்தில் வெட்டுங்கள். மட்டம் பார்த்து அடியுங்கள். நான் இருக்கும்போதே அடியுங்கள், நானும் பார்க்க வேண்டாமா?