பவளப்பாறைத் தண்ணீரும் ஒரு முழப் பட்டும்

தறிக்காரர் தணிகாசலத்தின் மகள் அம்சா கடலுக்குள் முதலில் போனதே எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான். மண்டபத்துக்கு அப்பால், தீவோரத்துப் பவளப்பாறைமேல் படகு நின்றது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. இவ்வளவு தெளிந்த தண்ணீரில் இரை அதிகம் இருக்காது என்று படித்திருந்தாள். கீழேயோ மீனும் நண்டும் பவளமுமாக ஓர் ஊரே குடியிருந்தது. இத்தனை பேருக்கும் உலை வைப்பது யார்?

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் என்று அவளுக்குப் பட்டது. பவளம் கசியவிடும் கோழையைத் தின்று அவை பெருகும். அவற்றை மற்றவை தின்னும். அப்படியானால் வெளிக்கடலைவிடப் பாறைத் தண்ணீரில் அவை கூடுதலாக இருக்க வேண்டும். ஊர்க் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனதும் அதையே பிடித்துக்கொண்டாள்.

பாறைத் தண்ணீரில் கோழைத் திரியும் தூசியும் மிதக்கும், வடிகட்டியாக வேண்டும். வெளிக்கடல் தண்ணீருக்கு அது தேவையில்லை. கல்லூரியில் வடிகட்ட வைத்திருந்த சீமை வலை கிழிந்துபோயிருந்ததால் தணிகாசலமே ஒரு முழம் பட்டு நெய்து கொடுத்தார்.

"சீமைக்காரன் துணியெல்லாம் ஒரு துணியா? இதுல கொசு மூச்சுகூட போவாது பாரு."

புதுப்பட்டை யாரும் நனைக்க மாட்டார்கள். அம்சாவுக்கும் மனம் வரவில்லை. காகிதத்தில் சுற்றி ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, அப்படியே கொண்டுபோனாள். அது முதன்முதலாக நனைந்தது பாறைத் தண்ணீரில்தான்.

பனிக்கட்டி உருகிக்கொண்டே வந்த பெட்டியோடு ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் வீடு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டுகளில் நுண்ணுயிர் வளர்க்கும் கடற்பாசிக் கூழை உறையவைத்து, அதன்மேல் தண்ணீரைத் தடவினாள். வெளிக்கடல் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுண்ணுயிர்ப் புள்ளிகள் முளைத்தன. பாறைத் தட்டில் இடமே இல்லை.

"கருட சேவைக்குக்கூட இவ்ளோ கூட்டம் வராதேம்மா!" என்று துறைத் தலைவர் பூவராகவன் குதித்தார். பம்பாய் மாநாட்டில் இதை வாசித்தால் அவளுக்கு ஆராய்ச்சி இடம் உறுதி என்றார்.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போகும் வழியில், தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அம்சா நின்றுவிட்டாள். நெய்த பிறகும் அந்தக் கஞ்சி இழையோடுதானே இருக்கும்? பாறைத் தண்ணீர் மட்டும்தானே துணி வழியே வந்தது?

அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள். வெட்டி வைத்திருந்த மிச்சத் துண்டில் அயோடின் விட்டாள். துணி கருநீலமாக மாறியது.

"எந்த சாயக்காரன்மா இப்பிடி ஏத்துனான்?" என்றார் தணிகாசலம்.

"கஞ்சி நைனா. தண்ணியில எறங்கி, வழி முச்சூடும் கிருமிங்களுக்குச் சோறு போட்டுக்கினு வந்திருக்குது."

அவர் முகம் சுருங்கியது. "கஞ்சி இல்லாம பாவு நிக்குமாம்மா? எந்தத் தறியிலயும் அப்பிடித்தான்."

"உன் தறி மேல தப்பில்ல நைனா. துவைக்காம எடுத்துக்கினு போனது நானு."

விஷயத்தைக் கேட்டதும் பூவராகவன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அம்சா, பாறையில கூட்டம் அதிகம்தானே? நீயே சொல்லியிருக்க. கொஞ்சம் கூடக்குறைய இருந்தா யாரு போய் எண்ணப் போறாங்க?"

"அதிகமான்னே இப்ப எனக்குத் தெரியாது சார்."

"இந்த மாநாட்ட விட்டா இடம் போயிடும்."

"போவட்டும் சார். மறுபடியும் மண்டபம் போறேன்."

தட்டுகளை அவளே வேகவைத்துக் கழுவினாள். தணிகாசலம் துணியைச் சோடாவும் சவுக்காரமும் போட்டுக் கொதிக்கவைத்தார். அயோடின் பட்டால் நீலமாவது நிற்கும்வரை விடவில்லை. பட்டு தொய்ந்து, பளபளப்பு போய், பழந்துணிபோல் ஆயிற்று. "கல்யாணத்துக்கு உதவாது. உன் கடலுக்கு உதவும்" என்று நீட்டினார்.

இந்த முறை இரண்டு தண்ணீரையும் அதே துணியில் வடிகட்டினாள். துணியிலிருந்தே ஏதாவது வருகிறதா என்று பார்க்க, கொதித்து ஆறிய கடல்நீரையும் அதில் விட்டு மூன்றாவதாக ஒரு தட்டு வைத்தாள். மாநாடு அவள் ரயிலில் இருக்கும்போதே முடிந்துவிட்டது. இடம் வேறொருவருக்குப் போயிற்று.

தட்டுகளைத் திறக்கிற அன்று தணிகாசலமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். அம்சா மூன்றாவதைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியேம்மா?"

"ஆமா நைனா, உன் துணி சுத்தம்."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி அலைச்சல்?"

அம்சா சிரித்தாள். பிறகு மற்ற இரண்டையும் அருகருகே வைத்தாள். பாறைத் தட்டில் புள்ளிகள் கூடுதலாகத்தான் இருந்தன. கருட சேவைக் கூட்டமில்லை, சந்தைக்குப் போய்த் திரும்புகிற அளவு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.