சைலன்சர் மாற்றிய டிரைவர்

அறுபதுகளில், கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு என் மீன் கூடைகளை ஏற்றிவந்த பிக்கப் வண்டியின் டிரைவர் அவர். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, காதில் செருகிய பீடி. தன் வண்டிக்கு ஒரு லாரி சைலன்சரை வாங்கிப் பொருத்தியிருந்தார். எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் பின்னால் போய், தலையைச் சாய்த்து அதன் உறுமலைக் கேட்பார்.

ஒரு சித்திரை மாதம் புதுச்சத்திரம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. ஸ்பேரை மாட்டினோம். அது மற்ற டயர்களைவிடப் பெரிசு; மட்கார்டில் இடித்துச் சுற்றவே மறுத்தது. கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஒழுகியது.

“ஏன்யா, அளவான டயர் வாங்காம எவனாவது சைலன்சர் வாங்குவானா?”

“சத்தம் முக்கியம் மாமா.”

மட்கார்டைச் சுத்தியலால் அடித்து நெளித்துவிட்டு ஊர்ந்தோம். மாட்டுவண்டிகூட எங்களை முந்தியது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இந்நேரம் என்னிடம் வாங்குகிறவர்கள் வேறு ஆளிடம் மீனை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒங்க வண்டி வந்துட்டுப் போயிருந்தா ஊருக்கே சத்தம் கேட்டிருக்கும், கேக்கல. இன்னும் வரலன்னு தெரிஞ்சிது, அதான் போவாம குந்தியிருந்தோம்” என்றாள் ஒருத்தி.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கிப் பின்னால் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். மிச்சமிருந்த திட்டை நான் விழுங்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமும் வண்டியில் அதே பெரிய டயர்தான் ஸ்பேராகத் தொங்கியது.