சீப்புத் தடம் போட்ட கர்ஜிக்காய்

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் கர்ஜிக்காய் சுடுவோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, பாதி நிலாவாக மடித்து எண்ணெயில் போட வேண்டியதுதான். ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தால், காவடி பார்க்கப் போகிறவர்கள் நடந்துகொண்டே தின்பார்கள்.

எல்லோருக்கும் தேங்காயும் வெல்லமும். அண்ணனுக்குத் தேங்காய் ஆகாது. அவனுக்கு மட்டும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் பொடித்து வைத்து, மற்றதோடு கலந்துபோகாமல் இருக்க ஓரத்தில் சீப்புப் பல்லை அழுத்தித் தடம் போடுவோம்.

அண்ணன் ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தான். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவனைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவருமில்லை. காரியம் செய்துவிடலாம் என்று பெரியப்பா இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். நாங்கள் சட்டி வைத்ததுதான் அவருக்குப் பதில்.

சீப்புத் தடம் போட்டதை அண்ணி ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொள்வாள். அது கெடாதவரை அவனுக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பி, தினமும் காலையில் திறந்து பார்ப்பாள். முந்தின வருஷத்தது ஒரு மாதத்துக்கு மேல் கெடாமல் இருந்தது. "அவரு நல்லாத்தான் இருக்கிறாரு" என்று மூடியை அழுத்துவாள்.

கடிதம் நின்ற பிறகு வந்த மூன்றாவது ஆடியில் நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். எதையும் சீக்கிரமாகச் செய்ய எனக்கு ஒரு வழி தெரியும் என்ற நினைப்பு. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியையும் அம்மாவையும் குளிக்க அனுப்பினேன். மாவைப் பெரிதாகத் தேய்த்து டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டினேன். வெல்லம் இளகி, பூரணம் தளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கடலைப் பொடி. அதைக் கொட்டிப் பிசைந்தேன். பூரணம் உடனே கெட்டியாகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி வட்டத்தைக் கையில் எடுத்தபோதுதான் அது அண்ணனுக்கு வைத்த கிண்ணம் என்று உறைத்தது. வீட்டில் வேறு சர்க்கரை இல்லை. கொல்லையில் அண்ணி கால் அலம்பும் சத்தம். தேங்காய்ப் பூரணத்தையே வைத்து மடித்து, ஓரத்தில் சீப்பை அழுத்தினேன். அவசரத்தில் ஒரு பல் ஆழமாகப் பதிந்தது.

"அவருது எதும்மா?" என்று அண்ணி ஈரத் தலையோடு வந்து கேட்டாள். காட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் டப்பா மூடியின் சத்தத்துக்கு விழித்தேன். எட்டாம் நாள் மூடி திறந்தது, மூடவில்லை. போய்ப் பார்த்தேன். அண்ணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேங்காய் கெட்ட வாடை கூடமெங்கும் நின்றது. பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள் அம்மாவிடம்.

நான் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். தேங்காய், கிண்ணம், சீப்பு, எல்லாம். கெட்டது என்னால்தான், அவனுக்கு ஏதும் ஆனதால் இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.

"ஆங்" என்றாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "ரேஷன் சர்க்கரைய ரெண்டு மாசமா சேத்துகினு வந்தேன் பாப்பா. உன் கண்ணுக்கு அது வெறும் பொடியாத்தான் பட்டுது" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கூடப் பொறந்தவ. உனக்கே ஞாபகம் வரலன்னா, அவரு வேற எங்க இருப்பாரு?"

காரியம் நடந்தது.

அடுத்த ஆடிக்கு எங்கள் வீட்டில் சட்டி வைக்கவில்லை. வழக்கப்படி பக்கத்து வீட்டார் ஒரு தட்டில் கொண்டுவந்தார்கள், ஆளுக்கு ஒன்றாக. அண்ணி தன்னுடையதை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

டப்பாவில் இப்போது மிளகாய் போட்டிருக்கிறோம். காலையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் யார் திறந்தது என்று பார்க்கிறேன்.