அண்ணன் தோற்ற அமாவாசை

உலகத்திலேயே பெரிய வீரர்கள் யார் என்று நானும் என் அண்ணனும் பதினொரு வருஷம் போனில் சண்டை போட்டோம். அவன் மங்கோலியர் என்பான். நான் முதலில் சோழர் என்றேன், பிறகு வியட்நாம்காரர்கள் என்றேன். அவன் காரைக்காலைத் தாண்டிப் போனதே குறைவு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணை, லாரியில் கிளீனர், கடைசியாக ஹூப்ளியில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஓரிடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

சண்டை தொடங்கியது காரைக்கால் பஸ் ஸ்டாண்டில். அப்பாவுக்குக் காரியம் முடிந்த மறுநாளே நான் கிளம்பிவிட்டேன். என் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் கூட வந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். கோட்டுச்சேரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும், சில வருஷம் வராமலே போகும். அதில் பாதி உனக்கு, இருந்து பாரு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். கையில் வாளோடு ஒரு சோழ ராஜா. பேச்சை மாற்றுவதற்காக அதைக் காட்டினேன்.

"இவங்கள மாதிரி வீரனுங்க உலகத்துலயே கெடையாதுண்ணே."

"நம்ம ஊரு ஆளுன்னு சொல்றியா, தெரிஞ்சு சொல்றியா?"

"கப்பல்ல போயி ஜெயிச்சவங்க."

"மங்கோலியன் குதிரையிலயே தின்னு, குதிரையிலயே தூங்கி, பாதி உலகத்தைப் புடிச்சான். வீடு வாசல்னு எதையும் திரும்பிப் பாக்கல. அவன்தான்டா வீரன்."

அண்ணன் பிளஸ் டூ வரை படித்தவன். மேலே படிக்க அப்பாவால் முடியவில்லை. நடவும் அறுப்பும் இல்லாத நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போய் சரித்திரப் புத்தகமாக வாங்கி வருவான்.

பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"பந்தயம் வச்சுக்கலாம். நீ தோத்தா வீட்டுக்கு வந்துரணும். நான் தோத்தா இனிமே உன்னை வான்னு கூப்புட மாட்டேன்."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"தோத்தவன்தான். அவன் வாயால தோத்தேன்னு சொல்லணும்."

பக்கத்து சீட்டில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை போன் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் வயலில் கால் வைக்க மாட்டார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அண்ணன் அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். நலம் விசாரிப்பதெல்லாம் இரண்டு வார்த்தைதான். "சாப்டியாடா? சரி, கேளு" என்று ஆரம்பித்துவிடுவான்.

அவனுக்குப் புத்தகம். எனக்கு நான் பார்த்த மனிதர்கள். கூர்க்கா வாட்ச்மேன் ஒருவர் தன் தாத்தா பட்டாளத்தில் இருந்த கதையைச் சொன்னால் அதை அப்படியே அண்ணனிடம் ஒப்பிப்பேன். ஒருமுறை பஞ்சாபி லாரி டிரைவர் ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு, "மங்கோல் நம்பர் ஒன், ஆப் நம்பர் டூ" என்றான். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனைத் திரும்ப வாங்கினபோது, "என்னடா, சாட்சியெல்லாம் கூட்டிட்டு வர்ற. தோக்கப்போறேன்னு பயமா?" என்றான்.

வியட்நாம் பக்கம் நான் மாறியதற்குக் காரணம் எங்கள் ஊர் சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வியட்நாமில் போட்ட சண்டையைப் பற்றி யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்: "இடுப்பளவு சேத்துல நின்னுகிட்டு சுட்டானுவ. நெல்லு நடுற பயலுவ. அவனுவள ஒண்ணும் பண்ண முடியல." பல வருஷம் கழித்து ஹூப்ளியில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்த நெல்லுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே மங்கோலியரையும் விரட்டியிருக்கிறார்கள் என்று அதில் சொன்னார்கள். அடுத்த அமாவாசை வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உன் மங்கோலியனையே அடிச்சிருக்காங்கண்ணே. ஆத்துல கூரான மரத்தை நட்டு வச்சு, தண்ணி ஏறி நிக்கறப்ப கப்பலை உள்ள இழுத்து, வடியறப்ப மாட்ட வச்சுட்டாங்க."

அண்ணன் சொன்னான்: "நம்ம அரசலாறு கடல்ல சேர்ற எடத்துல படகு தரை தட்டி நிக்குமே, அது மாதிரி."

"ஆமா."

"அதுல வீரம் எங்கடா இருக்கு? தண்ணி வடிஞ்சுது, அவ்வளவுதான்."

"எப்ப வடியும்னு தெரிஞ்சு வச்சிருந்தாங்கள்ல, அதான் வீரம்."

"போடா. தன் வயல்ல நின்னு காக்கறதுக்குப் பேரு வீரம் இல்ல. வேற வழியில்லாம நிக்கறது."

வீட்டை விட்டு நகராதவன், வீட்டைத் திரும்பிப் பார்க்காதவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கும் தங்காத நான், சேற்றை விட்டு நகராதவர்களுக்காக வாதாடினேன். இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படி ஜெயிப்பது என்பதிலேயே புத்தி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில், "தோத்துட்டேன்னு சொல்லிட்டு வந்துருடா" என்பான். "நீ சொல்லு, நான் நிம்மதியா இருக்கேன்" என்பேன். போனை வைத்துவிடுவோம்.

போன வருஷம் சித்திரையில் போன் செய்தபோது புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். அடுத்த மாதம் மறுபடி போனான். ஆனியில் மூன்றாவது தடவை. காரைக்கால்காரன் புதுச்சேரிக்குப் போனால் ஒன்று கவர்மென்ட் ஆபீஸுக்காக இருக்கும், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்காக இருக்கும். எங்கள் ஊரில் பிறந்த எவனும், எதுக்குப் போனே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. நான் கேட்கவில்லை. பயிர் இன்ஷூரன்ஸோ பட்டாவோ, ஏதாவது பேப்பர் வேலையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசை அன்று போன் வந்தது.

"கடல்ல போயி முழுக்குப் போட்டியாண்ணே?"

"இந்தத் தடவ வீட்லயே குளிச்சுட்டேன். கூட்டமா இருக்கும்." மூச்சு வாங்குவது போல இருந்தது. "கேளுடா. யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி."

"எது?"

"உன் நெல்லுக்காரன்தான் பெரிய வீரன். நான் தோத்தேன்."

"திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்றேன். திருப்பிச் சொன்னான். "இனிமே வான்னு கூப்புட மாட்டேன். எங்க இருந்தாலும் நேரத்துக்குச் சாப்புடு" என்றான். ஏன் மனசு மாறினாய் என்று கேட்டிருக்க வேண்டும். மாறாக, பதினொரு வருஷம் கழித்தாவது உனக்குப் புத்தி வந்ததே என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான். அன்றைக்கு ஓட்டலில் இருந்த டிரைவர்கள் எல்லாருக்கும் நானே டீ போட்டுக் கொடுத்தேன். என் அண்ணன் தோற்றுவிட்டான் என்று கன்னடத்திலும் இந்தியிலும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

ஆவணி அமாவாசைக்குப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்.

"உங்க அண்ணன் வயலுக்குப் போயிருக்காங்க தம்பி."

"சரி அண்ணி, வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். தோற்றவனுக்குப் பேச வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மாவு பிசைய நேரமாகிவிட்டது.

புரட்டாசியில் அண்ணி கூப்பிட்டார். "முடிஞ்சு போச்சு தம்பி" என்றார். பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கி, வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, புதுச்சேரியில் கைவிரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

ஹூப்ளியிலிருந்து பெங்களூர், அங்கிருந்து விழுப்புரம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். அப்போது நான் விழுப்புரத்தில் பஸ் மாறிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். நான் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலைக் கழுவிவிட்டு, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாறு நாள் கழித்துத்தான் அண்ணியிடம் கேட்க முடிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லக்கூடாதுன்னு பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. வந்தான்னா என்னை இந்தக் கோலத்துல பாத்துட்டு எங்கயும் போவ மாட்டான், கால் நிக்காத பயலைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும்னு சொன்னாங்க."

"அதுக்காகவா தோத்தேன்னு சொன்னான்?"

"அன்னிக்குப் போனை வச்சுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல."

அண்ணி முறத்தில் இருந்த அரிசியை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஆனா நான் சொன்னேன் தம்பி."

"எப்ப?"

"அமாவாசை அன்னிக்கு வயலுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன்ல. இந்த வீட்ல யாரு அமாவாசைக்கு வயலுக்குப் போவா? பொய்னு உங்களுக்குத் தெரியும், உடனே கெளம்பி வருவீங்கன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன். சத்தியத்தையும் மீறல. நாலு நாளு பஸ் சத்தம் கேட்டாலே எட்டி எட்டிப் பாத்தேன்."

அண்ணி மறுபடி அரிசியில் கல் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

காரியம் முடிந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆள் வைத்து விட்ட நாற்று. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்பப்பா கெளம்புறே?" என்று கேட்டார்கள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி அதுதான். டீக்கடையிலும் கேட்டார்கள், உர மூட்டை எடுக்கப் போன இடத்திலும் கேட்டார்கள். இரு என்று சொல்ல எனக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனை நான் ஜெயித்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் அண்ணியும் அதையே கேட்டார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"எப்ப கெளம்புறீங்க தம்பி?"

"நடவு முடியட்டும் அண்ணி."

அண்ணி இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.