நீர்த்தெள்ளுகளுக்குத் தீர்த்தம்

எந்த வீட்டு மீன்தொட்டியிலாவது காற்று மோட்டார் கொர்ரென்று குமிழி விட்டால் போதும், அதே சத்தம் ஓயாத, நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குள் பரமு அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது கண்முன் தெரியும்.

கொக்குவில்காரர். நிலத்தில் கட்டிய மழைநீர்த் தொட்டியில் நன்னீர் இறால் வளர்த்தார், அவை செத்துக்கொண்டேயிருந்தன. பக்கத்து வளவில் மனைவியின் தம்பி சிவா பழைய வாகனப் பற்றறி உடைக்கும் கடை வைத்திருந்தான். உடைத்த பற்றறியின் ஈயம் மதிலுக்குக் கீழால் ஊறி வருகிறது என்பது அண்ணையின் முடிவு. எங்கள் றிப்போட்டைப் பிரதேச சபையில் கொடுத்துக் கடையைப் பூட்ட வைக்கப்போவதாகச் சிவாவுக்கே சொல்லியும் விட்டார். இரண்டு வீடும் கதை பேச்சில்லை.

எங்கள் கூடத்தில் உண்மையான உத்தியோகத்தர் நீர்த்தெள்ளுதான். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், புள்ளியளவு உடம்பு, துள்ளித் துள்ளி நீந்தும். பார உலோகம் கலந்தால் முதலில் அது படுத்துவிடும். ஒரு பீக்கரில் அண்ணையின் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் சிவாவின் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தத் தண்ணீர். மூன்றிலும் தெள்ளு விட்டோம். மறுநாள் தொட்டித் தண்ணீரில் எல்லாம் அடியில் கிடந்தன. சிவாவின் தண்ணீரில் தேர்த்திருவிழா.

"தெள்ளும் உவன்ரை பக்கம்தான்" என்றார் அண்ணை.

பிறகு மனம் இளகியது. பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, மிச்சமாவது பிழைக்கட்டுமென்று சுத்தத் தண்ணீர்ப் பீக்கருக்குள் ஊற்றினார். எங்கள் பொறுப்பாளர் மிஸ் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. தீர்த்தமாம். செம்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, இரவு சாமி அறையில் நிறைத்து வைத்து, விடிய இறால் தொட்டிக்குள் ஊற்றுவாராம். இறால் விட்ட நாள்முதல் ஒரு குடம். சாகத் தொடங்கியதும் இரண்டு.

பின்னேரம் அந்தப் பீக்கரும் அடங்கிவிட்டது. தொட்டித் தண்ணீரை உலோகம் அளக்கும் மெஷினில் வைத்தோம். செம்பு ஏறி நின்றது. ஈயம் தலைகாட்டவில்லை.

"அண்ணை, புளியிலை மினுக்கின செம்பு தண்ணிக்கை கரையும். இறால் சாதிக்கு அது துண்டறக் கூடாது, நஞ்சு" என்றார் மிஸ்.

அண்ணை வெறும் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்தார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டால் போதாது, அதற்குள் யார் அன்பாக என்ன ஊற்றுகிறார்கள் என்றும் கேட்கவேண்டுமென்று அன்று நான் படித்துக்கொண்டேன்.

கேற்றடியில் சிவா, கடையின் தலைவிதி தெரியாமல், மோட்டச்சைக்கிளோடு நின்றான்.

"ஆராம் அத்தான் இறாலைக் கொன்றது?"

அண்ணை பின்னால் ஏறி அமர்ந்தார்.

"எங்கடை சாமி அறைக்கை இருந்த ஆள்தான். நீ வண்டியை எடு."