முதலில் யார் வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள்?

லீலாபாய் டீச்சர் இறந்துவிட்டார் என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. சொன்னவர் விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசாதவர். ஆனாலும் இன்னும் இரண்டு பேரை அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுதேன். என் சுபாவம் அப்படி. எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். என் சந்தேகங்களில் பாதி அவர் மீதுதான் இருந்தது.

கலவரம் நடந்த ஊர்களில் மறுபடி பேச்சுவார்த்தை தொடங்குவதில் பெண்களின் பங்கு என்ன என்பது அவருடைய ஆய்வு. 2005-இல் எங்கள் கல்லூரிக்கு வந்தார். நான் வரலாற்றுத் துறை. எங்கள் ஊருக்கும் பக்கத்துக் கடற்கரை ஊருக்கும் அடிதடி நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தக்கலையில் சமாதானக் கூட்டம் கூட்டி, இரண்டு ஊர் ஆண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தின் நகலைப் பெருமையாக நீட்டினேன். "ஒரே நாள்ல ஒத்துக்கிட்டாவளா? அப்ப இதுக்கு முன்னயே யாரோ சமாதானம் ஆயாச்சு. அது யாருன்னு பாப்போம்" என்றார்.

அதற்கு அவர் வைத்திருந்தது ஒரே கேள்வி. எங்கள் பக்கம் மீன் விற்க வருகிறவர் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால், அந்த வீட்டோடு பகை இல்லை என்று பொருள். சண்டையைப் பற்றி எதுவும் கேட்காமல், மீன்காரப் பெண்களிடம், "பெறவு முதல்ல யாரு வீட்டுல தண்ணி குடிச்சிய?" என்று மட்டும் கேட்பார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். பிலோமி அக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் காட்டி, "இவளுக்க அம்மைதான் குடுத்தா. பின்வாசல் வழியா" என்றார்.

அடிக்கப் போனவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அப்பாவோ கடற்கரைக்காரர் பெயரைச் சொன்னாலே சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். இது அச்சில் வந்தால் அம்மாவின் கதி என்ன? டீச்சர் என்னோடு சிநேகமாக இருந்ததே இதற்குத்தானோ என்று தோன்றியது. மறுநாளே பிலோமி அக்காவைத் தனியாகப் பிடித்து, "இனி அவியகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. யாருக்கு எழுதிக் குடுக்காவளோ" என்றேன்.

புத்தகம் 2009-இல் வந்தது. நூலகத்தில் நின்றபடியே முழுதும் புரட்டினேன். எங்கள் ஊர் அதில் இல்லை. தடுத்துவிட்டோம் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன். அதன்பிறகும் டீச்சர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துகொண்டுதான் இருந்தார். அதையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

துக்கத்துக்குப் போனபோது டீச்சர் வீட்டு முற்றத்தில் பிலோமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ தடுத்தத அன்னைக்கே டீச்சர்ட்ட சொல்லிப்போட்டேன் மக்கா."

"என்ன சொன்னாவ?"

"'அவ பயந்தது செரிதான். புத்தகத்துல வந்தா அந்த அம்மைக்கு வீட்டுல நிம்மதி இருக்காது'ன்னாவ. நீ டீச்சர்கூட வாறதுக்கு ரொம்ப முன்னயே நாங்க எல்லாம் சொல்லியாச்சு. அவிய எழுதியும் முடிச்சாச்சு. நீ தடுத்த பெறவுதான் நம்ம ஊரு கதைய எடுத்துப்போட்டாவ."

எழுதி முடித்ததை எடுத்துவிட்டு, அதை என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வருடக்கணக்காகத் தேநீர் ஊற்றியிருக்கிறார். வெட்கத்தில் நான் அவர் முகத்தைப் பார்க்கவே எழுந்து போகவில்லை.

அவருடைய புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வியைத்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பெறவு முதல்ல யாருக்குத் தண்ணி குடுத்தம்மா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"யாரு கேக்கச் சொன்னா?" என்றாள் அம்மா.

"நானாத்தான் கேக்கேன்."

என்னை உற்றுப் பார்த்தாள். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் எழுந்துபோய்ப் பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொல்லத் தொடங்கினாள்.