வெல்டர் வீட்டுக் கோழிக்குக் கண் வீங்கியபோது

நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டும் அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் வெல்டர் என்றே கூப்பிடுவார்கள். மனிதர்களிடம் பேச்சு கம்மி. கொல்லையில் வளர்க்கும் கோழிகளிடம் மட்டும் வாய் ஓயாது.

ஒரு காலையில் கூண்டைத் திறந்தபோது சாம்பல் நிறப் பெட்டை வெளியே வரவில்லை. ஒரு கண் வீங்கி, இமை ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி ஏதோ. தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டார். மூச்சு கர்கர் என்று இழுத்தது. வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் அவரும் பலமுறை துடித்திருக்கிறார். அதனால் தன் சொட்டு மருந்தையே அதற்கும் விட்டார். மறுநாள் இன்னும் சில கோழிகள் தும்மின. அவர் மறுபடியும் சொட்டு மருந்தை எடுத்தார்.

"உங்க வைத்தியம் போதும். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

கால்நடை டாக்டர் கூண்டுக்குள் தலையை விட்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன சார், எனக்கே கண்ணு எரியுது! காத்தே இல்லையே?"

குளிருமே என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்தவர் வெல்டர்தான். அடியில் மரத்தூள் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. அவர் தலைகுனிந்தார்.

"சீக்குக் கோழிங்களைத் தனியா வைங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கண்ணைத் துடைச்சிட்டு இந்தக் களிம்பைப் போடுங்க. இந்த மருந்தைக் குடிக்கிற தண்ணியில கலந்து வைங்க. நான் சொல்ற வரைக்கும் முட்டை சாப்பிடாதீங்க. ஆமா, இங்கேருந்து யாருக்காவது கோழி குடுத்தீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தங்கச்சிக்கு..." என்று இழுத்தார்.

"இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க."

கைகால் கழுவி, சட்டை மாற்றிப் பக்கத்துத் தெருவுக்குப் போனார். தங்கை லேசுப்பட்டவள் அல்ல. வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும். அவள் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நுழைந்தார்.

தங்கை குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் கொடுத்த இளம் பெட்டை, கண் வீங்கி, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் முந்தானையால் அதை மூடினாள்.

"திட்டாதேண்ணா. நீ ஆசையா குடுத்தது. நான்தான் சரியா பாத்துக்கல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல..."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. எங்க கூண்டுலேருந்துதான் வந்திருக்கு. அங்கேயும் இதே கதைதான்."

அவள் முந்தானையை விலக்கினாள். அப்புறம்தான் வெடித்தாள். "அடப்பாவி! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? சோறு தண்ணி இறங்காம கிடக்கேன் நான்!"

திட்டிக்கொண்டே அழுதாள். அவர் கோழியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

அந்த இளம் பெட்டை பிழைக்கவில்லை. மற்றவை மெல்லத் தேறின. சாம்பல் பெட்டைக்கு அந்தக் கண் திறக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணோடு தீனி பொறுக்கப் பழகிக்கொண்டது. தேறிய கோழியும் நோயைச் சுமக்கலாம் என்று டாக்டர் எச்சரித்ததால் அவர் யாருக்கும் கோழி கொடுப்பதில்லை. தன் கூண்டிலும் தங்கை வீட்டுக் கூண்டிலும் சுவரை வெட்டி, காற்றுப் போக இரும்புச் சட்டத்தில் வலையை வெல்டிங் அடித்துப் பொருத்தினார்.

ஆனாலும் காலையில் தீனி போடும்போது எங்கிருந்தாவது ஒரு தும்மல் கேட்டால், இன்றும் அவர் கை பாதியில் நின்றுவிடுகிறது.